சுவடிகளையும் சிலைகளையும் காப்பவர்களைக் காப்பது யார்?

பரணில் கிடக்கும் தகரப்பெட்டியைத் திறந்ததும் வரும் வாசனை பலருக்கும் பிடிக்கும். தாத்தாவின் டைரி, பைண்டிங் செய்து வைத்த தொடர்கதை, கறுப்பு வெள்ளைக் கல்யாண ஆல்பம்... எதை எடுத்தாலும் முதலில் மூக்கின் அருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்ப்போம். ஆனால், பழம்பொருள்களைப் பாதுகாப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் செய்யவே கூடாத காரியம் அது.

காரணம் எளிமையானது. அந்த வாசனையில் மக்கிப்போகும் காகிதம் மட்டும் இருப்பதில்லை. பூஞ்சை இருக்கலாம். யாரோ ஐம்பது வருடங்களுக்கு முன்பு தூவிய பூச்சி மருந்தும் இருக்கலாம். வருடத்தில் ஒருநாள் பெட்டியைத் திறப்பவருக்கு அது ஒரு தும்மலோடு போய்விடும். தினமும் எட்டு மணி நேரம் அதற்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு?

தாம்பரத்தைச் சுற்றி ஒரு பொக்கிஷம்

சென்னையின் தெற்குப் பகுதியை ஐ.டி கம்பெனிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த இடமாகத்தான் பலருக்கும் தெரியும். ஆனால், தமிழின் எழுத்துச் செல்வத்தில் கணிசமான பங்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். காரைக்குடி அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்த முத்தையா, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள் எனச் சுமார் 1 லட்சம் ஆவணங்கள்தான் இதன் அடித்தளம். அவர் 1992-ல் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் நூலகம் தொடங்கப்பட்டது.

பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம். ஊர் ஊராக அலைந்து தமிழ்த் தாத்தா மீட்ட சுவடிகளைக் காப்பதற்காக, அவர் மறைந்த அடுத்த ஆண்டே, 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் உருவானது. அதற்கும் முன்பே, 1886-ல் தொடங்கியது அடையாறு நூலகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போனால், தென்னிந்தியப் பாரம்பர்ய வீடுகளை மரத்தூண்களோடு பெயர்த்து வந்து மறுபடி எழுப்பியிருக்கும் தட்சிணசித்ரா. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம்.

இப்படிப்பட்ட இடங்களில் பார்வையாளர்கள் கண்ணில் படாத ஓர் அறை இருக்கும். பூச்சி அரித்த காகிதத்துக்கு ஒட்டுப்போடுவது, சுவடிக்கு எண்ணெய் தடவுவது, சிலையில் பூத்த பச்சைத் துருவை நீக்குவது எல்லாம் அங்கேதான் நடக்கும். அந்த வேலையைச் செய்பவர்களுக்கு கன்சர்வேட்டர் என்று பெயர். பொருளுக்கு வைத்தியம் பார்க்கும் இவர்களின் உடம்புக்கு என்னென்ன ஆபத்து என்பது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

முதல் எதிரி, தூசி

பழைய புத்தகத் தூசி சாதாரணத் தெருப்புழுதி மாதிரி இருக்காது. அதில் காகிதத் துகள், பூச்சி எச்சம், செத்த கரப்பானின் சிறகு, பூஞ்சை வித்து எல்லாம் கலந்திருக்கும். தொடர்ந்து சுவாசித்தால் மூக்கடைப்பு, கண் எரிச்சலில் ஆரம்பித்து ஆஸ்துமா வரை கொண்டுபோகும். சிலருக்கு நுரையீரலே ஒவ்வாமையில் வீங்கும் நோய்கூட வரலாம். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று வருவதால், 'சளிதான்' என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாளும் அதே மேஜைக்குப் போய்விடுவார்கள். விடுமுறை நாளில் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்புகிற இருமல் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

நம்மூர்க் காற்றின் ஈரப்பதம் பூஞ்சைக்கு விருந்து. அதோடு வெள்ளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்ய ஆரம்பித்த மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் ஆளுயரத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர் மக்கள் அதே அவதியைப் பார்த்தார்கள். தண்ணீர் வடிந்ததும் பத்திரம், சான்றிதழ், ஆல்பம் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயவைத்த காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. நனைந்த காகிதத்தில் பூஞ்சை பிடிக்க இரண்டு, மூன்று நாள்கள் போதும். கன்சர்வேட்டர் தினமும் சந்திக்கும் ஆபத்தை அந்த ஒரு வாரத்தில் பல குடும்பங்கள் வெறும் கையோடு சந்தித்தன.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றதும் ஒரு வெள்ளத்தில்தான். 1966 நவம்பர் 4-ம் தேதி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. தேசிய நூலகத்தின் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாட்டு இளைஞர்கள் வந்திறங்கி, சேற்றிலிருந்து புத்தகங்களைக் கைமாற்றி கைமாற்றி மீட்டார்கள். 'சேற்று தேவதைகள்' என்று இன்றைக்கும் அவர்களைக் கொண்டாடுகிறார்கள். நவீன நூல் பாதுகாப்புத் துறையே அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் வேகமெடுத்தது.

காப்பாற்றிய மருந்தே நஞ்சு

இந்தத் தொழிலின் விநோதமான ஆபத்து இதுதான். பொருளைக் காப்பாற்ற முந்தைய தலைமுறை போட்ட மருந்து, இன்றைய தலைமுறையின் கையில் ஒட்டுகிறது.

பறவை, விலங்கு உடல்களைப் பாடம் செய்து வைப்பவர்கள் 18-ம் நூற்றாண்டிலிருந்தே தோலில் ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள். ஆர்செனிக் நம் சித்த மருத்துவம் பாஷாணம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. பூச்சி அண்டவில்லை. ஆனால், ஆர்செனிக் மக்கி மறையாது. நூறு வருடம் கழித்தும் அந்த இறகில் அப்படியே இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் டி.டி.டி வந்தது. உலகெங்கும் அருங்காட்சியகங்களும் நூலகங்களும் அதைத் தாராளமாகத் தெளித்தன. எதை, எப்போது, எவ்வளவு தெளித்தோம் என்று பல இடங்களில் எழுதி வைக்கவில்லை.

அதன் விளைவை அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியினர் அனுபவித்தார்கள். அருங்காட்சியகங்கள் எடுத்துச் சென்ற பழங்குடிகளின் புனிதப் பொருள்களைத் திருப்பித் தர வேண்டும் என்று அங்கே 1990-ல் சட்டம் வந்தது. ஹோப்பி மக்களின் சடங்குப் பொருள்களும் ஊர் திரும்பின. சோதித்துப் பார்த்தால், சிலவற்றில் ஆர்செனிக். முகத்தில் அணிந்து ஆட வேண்டிய பொருள்களில் விஷம்! திரும்பி வந்த சொத்தைத் தொடவே யோசிக்க வேண்டிய நிலை.

நம் பக்கமும் நஞ்சு புதிதல்ல. நாடகக்காரர்கள் ஒப்பனை போடுவதை 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. வடக்கே பழைய காகிதச் சுவடிகளில் பூச்சி அரிக்காமலிருக்க அதைப் பூசியிருக்கிறார்கள். பழைய ஓவியங்களின் சிவப்பில் பாதரசம் கலந்த லிங்கமோ, ஈயம் கலந்த செந்தூரமோ இருக்கலாம். வெள்ளையிலும் ஈயம் இருக்கலாம். ஓவியமாகச் சுவரில் மாட்டியிருக்கும்வரை பிரச்னை இல்லை. உரிந்த வண்ணத்தைச் சுரண்டும்போதும், உப்புத்தாளால் தேய்க்கும்போதும்தான் அது தூளாகிக் காற்றில் ஏறுகிறது.

அந்தத் தூள் வேலையிடத்தோடு நிற்பதில்லை. துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். வாசலில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வேலை உடையை அங்கேயே மாற்றிவிட்டு வர வேண்டும், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

சுவடி அறையிலும் சிலை அறையிலும்

ஓலைச்சுவடி வேலை பார்ப்பதற்குச் சாதுவானது. மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவார்கள். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அழுக்கைத் துடைப்பார்கள். எழுத்து மங்கியிருந்தால் கரி மையைத் தடவித் துடைப்பார்கள். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மட்டும் மை தங்கி, எழுத்து பளிச்சென்று தெரியும். கடைசியாக எலுமிச்சைப்புல் எண்ணெய். ஓலைக்கு வளைவுத்தன்மை திரும்பும், பூச்சியும் அண்டாது.

எண்ணெய் மணமாகத்தான் இருக்கும். ஆனால், காற்றோட்டமில்லாத அறையில், ஒரு கட்டுக்கு நூறு ஓலை, நாளுக்கு எத்தனையோ கட்டு என்று போகும்போது தலைவலி, கண் எரிச்சல், கையில் அரிப்பு எல்லாம் வரலாம். 'இயற்கைப் பொருள்தானே' என்ற நினைப்பு இங்கே உதவாது. ஆல்கஹால் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சுற்றிலும் காய்ந்த ஓலை!

பூஞ்சையைக் கொல்ல நம் நாட்டு நூலகங்களில் பல காலம் தைமால் பயன்பட்டது. ஓமத்துக்கு அந்த மணத்தைத் தரும் பொருள்தான் அது. மூடிய பெட்டிக்குள் 40 வாட் பல்பின் சூட்டில் தைமாலை ஆவியாக்கி, புத்தகங்களுக்குப் புகை போடுவார்கள். அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் தாக்கும் என்பதால் இன்று பல நாடுகளில் கைவிட்டுவிட்டார்கள். புகைபோடப் பயன்பட்ட இன்னொரு வாயுவான எத்திலீன் ஆக்சைடு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் இருக்கிறது.

சிலைகளின் கதை வேறு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கியது. எஸ்.பரமசிவன் என்ற வேதியியலாளர், துருப்பிடித்த செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் மீட்டெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை ஆராய்ந்தவரும் இவர்தான். மண்ணில் புதைந்து உப்பேறிய சிலையில் பச்சைப் பொடி பூத்து அரித்துக்கொண்டே போவதை 'வெண்கல நோய்' என்பார்கள். காஸ்டிக் சோடா கரைசலில் சிலையை வைத்து மின்சாரம் பாய்ச்சுவது அந்தக் காலத்து வைத்தியம்.

இதில் மூன்று ஆபத்துகள். காஸ்டிக் சோடா ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். மின்சாரம் பாயும்போது கிளம்பும் ஹைட்ரஜன், ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. மூன்றாவது, துருவைச் சுரண்டும்போது பறக்கும் தூள். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் உலோகக் கலவையில் ஈயமும் உண்டு.

கழுத்தும் கண்ணும்

ரசாயனம் இல்லாத நாளிலும் உடம்புக்கு ஓய்வில்லை. சுக்கல் சுக்கலான ஒரு பக்கத்தை மெல்லிய ஜப்பானியத் தாளில் ஒட்டிச் சேர்க்க, குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரே மாதிரி பிரஷ் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். பூதக்கண்ணாடி வழியாகவே பார்க்கும் கண்கள் சாயங்காலம் வலிக்கும். கோயில் சுவரோவியத்தில் வேலை என்றால் சாரத்தின் மேல் அண்ணாந்தபடி நிற்க வேண்டும். கல் சிலை, பழைய செய்தித்தாள் கட்டு போன்றவற்றைத் தூக்கும்போது இடுப்பு பிடிக்கும்.

இதற்கான தீர்வுகள் பெரிய செலவில்லாதவை. உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, சாய்வான மேஜை, நிழல் விழாத விளக்கு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, கனமான பொருளுக்குத் தள்ளுவண்டியும் இரண்டு ஆளும். 'முடிச்சுட்டு எழுந்திருக்கலாம்' என்ற மனசுதான் பெரும்பாலும் தடை.

மாஸ்க் போட்டால் போதுமா?

கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் என்-95 தெரியும். தூசிக்கும் பூஞ்சை வித்துக்கும் அது நல்ல கவசம். ஆனால், அசிட்டோன், தின்னர் போன்றவற்றின் ஆவியை அது தடுக்கவே தடுக்காது. ஆவிக்கு, கரி வடிகட்டி பொருத்திய தனி வகை சுவாசக் கவசம் வேண்டும். தவறான மாஸ்க் போட்டுக்கொண்டு 'பாதுகாப்பாக இருக்கிறோம்' என்று நம்புவது, மாஸ்க் இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. கையுறையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பார்க்கும் நீல நிற நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

அதனால்தான் தொழில்சார் சுகாதாரத் துறையில் மாஸ்க்குக்கும் கையுறைக்கும் கடைசி இடம். வரிசை இப்படிப் போகும்:

* அந்த ரசாயனம் உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேட்பது.

* ஆபத்து குறைந்த வழிக்கு மாறுவது. பூச்சியைக் கொல்ல மருந்துக்குப் பதிலாக, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி குளிரில் புத்தகத்தை ஒரு வாரத்துக்கு மேல் வைப்பது இப்போது பல நாடுகளில் வழக்கம்.

* ஆவியை, தூசியை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட், ஹெப்பா ஃபில்டர் வைத்த வாக்யூம் கிளீனர்.

* ஒரே ஆள் நாள் முழுக்க அதே வேலையில் இருக்காமல் மாற்றி மாற்றிச் செய்வது. வேலை மேஜையில் டீயும் டிபனும் கூடாது என்பது. எந்தப் பொருளுக்கு என்ன மருந்து போட்டோம் என்று எழுதி வைப்பது.

* இவற்றுக்குப் பிறகே மாஸ்க், கையுறை, கண்ணாடி.

நம் முன்னோரிடமும் ரசாயனமில்லாத வழி இருந்தது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து அலமாரியில் வைக்கும் முறைக்குத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் பெயர்பெற்றது. பூச்சியைக் கொல்வதைவிட, வரவிடாமல் செய்வதுதான் அதன் நோக்கம்.

பட்டியலில் இல்லாதவர்கள்

பெரிய நிறுவனத்தில் நிரந்தர வேலையில் இருப்பவருக்குக் கேட்க ஓர் இடமாவது இருக்கும். வீட்டு மாடியில் தஞ்சாவூர் ஓவியம் பழுதுபார்ப்பவர், திட்ட அடிப்படையில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சுவடி சுத்தம் செய்பவர், பழைய மரச்சாமான்களுக்கு பெயின்ட் உரித்து பாலிஷ் போடுபவர் ஆகியோருக்கு அதுவும் இல்லை. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 10 பேரோ, அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே பெரும்பாலும் இ.எஸ்.ஐ. தனியாளாக உழைப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஈயம், பாதரசம், ஆர்செனிக் நஞ்சால் வரும் நோய்களை, 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால், உரிமை கோர வேண்டுமென்றால் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை யாராவது கவனிக்க வேண்டும். தீராத வயிற்றுவலி, சோர்வு என்று போகிறவர் 'ஓவிய வேலை செய்கிறேன்' என்று சொன்னால்தான், ரத்தத்தில் ஈயம் பார்க்கலாம் என்ற யோசனை டாக்டருக்கு வரும்.

1700-ம் ஆண்டிலேயே பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழில்களால் வரும் நோய்கள் பற்றிப் புத்தகம் எழுதினார். ஓவியர்களின் நோய்க்குக் காரணம் அவர்கள் கையாளும் வண்ணங்களே என்றும் அதில் சொன்னார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். தாம்பரம் சானடோரியத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அங்கே போனாலும் சரி, தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் சரி, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே உங்கள் வேலையைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்கும் முன்...

* பால்கனியிலோ, ஜன்னல் திறந்த அறையிலோ வைத்துத் திறங்கள். என்-95 மாஸ்க், கையுறை அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் தள்ளியிருக்கட்டும்.

* தூசியை வாயால் ஊதாதீர்கள், துணியால் பட்பட்டென்று தட்டாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள்.

* பாச்சை உருண்டையை அள்ளிப்போடாதீர்கள். அதிலிருக்கும் நாப்தலீனும் பாராடைகுளோரோபென்சீனும் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்று பட்டியலிடப்பட்டவை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு, நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தினாலே ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை வரலாம்.

* ஓலைச்சுவடியைத் தண்ணீரில் கழுவாதீர்கள். கையில் கிடைத்த எண்ணெயைத் தடவாதீர்கள். கட்டைப் பிரிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, சுவடி நூலகங்களிடம் ஆலோசனை கேளுங்கள்.

* பழைய நெகட்டிவ் சுருளில் வினிகர் வாடை அடித்தால் அது சிதைய ஆரம்பித்துவிட்டது. மற்ற படங்களிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

* பூஜையறைப் பழைய படத்தை, பெயின்ட் உரிந்த கதவை உப்புத்தாள் போட்டு நீங்களே தேய்க்க வேண்டாம். ஈயமாக இருக்கலாம்.

* வெள்ளத்தில் நனைந்ததென்றால், அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடாதீர்கள். காகிதத்தை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிய்க்காதீர்கள். உடனே உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் பூஞ்சை வளராமல் நிற்கும். பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

* எந்த ரசாயனம் கண்ணில் பட்டாலும் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இருநூறு வருடம் தாங்கிய ஓலை, முறையாகப் பாதுகாத்தால் இன்னும் தாங்கும். அதைத் துடைக்கிற கைக்கு ஒரு நல்ல கையுறையும், அந்த அறைக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் வாங்கிக் கொடுப்பது, பாதுகாப்புச் செலவின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.